இயக்கத் தயக்கம்

வாகன நலக் கழகத்தின் பதிவேட்டில் உள்ள நானூற்றுப் பன்னிரண்டு வண்டிகளில் ஒன்றுக்குக்கூடப் பழுது கிடையாது. அவற்றில் ஓடுகிறவை எத்தனை என்பதற்குத் தனிப் பதிவேடு உண்டு. அது வேறொரு கட்டடத்தில் இருக்கிறது.

இந்தப் பழுதில்லாத வண்டிகளில் ஒன்றைப் பதினேழு ஆண்டுகளாக ஓட்டிவந்தவர் நிதானம். வேக முள் நாற்பதைத் தாண்ட விடமாட்டார், கோபம் வந்தாலும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசுவார் என்பதால் ஷெட்டில் யாரோ வைத்த பெயர் அது. சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் அதுவே நிலைத்துவிட்டது. சுகாதாரத் துறையின் நர்ஸை மேட்டுக் குடியிருப்புக்கு ஏற்றிச் செல்வது அவர் வேலை. அங்கே படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு ஊசி போட வேண்டும், புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். நாளுக்குப் பதினாலு வீடு. பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம்.

ஒரு நாள் காலை அவர் சாவியைத் திருப்பியபோது வண்டி 'டக்' என்றது. அதோடு சரி. முன்விளக்கு மங்கியது, என்ஜின் அசையவில்லை. இரண்டாம் தடவை திருப்பினார், ஒன்றுமே நடக்காததுபோல் எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் மூன்று காலைகள் அப்படி. அதற்கடுத்த வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரே நாளில் நான்கு தடவை.

இதற்கும் முன்பே வண்டியில் இன்னொரு சத்தம் சேர்ந்திருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் கால் மாட்டில் 'டொக்' என்று ஏதோ இடித்தது. நிதானம் இரண்டையும் கவனித்துக்கொண்டே வந்தார். எந்த நாளில் 'டொக்' அதிகமோ, அதற்கு மறுநாள் காலை 'டக்' நிச்சயம். ஒரு நாள் வண்டி எடுக்காமல் அடம்பிடித்தபோது குனிந்து கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் கிளட்ச் கேபிள் சுடுவதற்கு ஒரு நியாயமும் கிடையாது. அப்போது அவருக்கு விளங்கிவிட்டது. என்ஜின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் பிய்ந்துவிட்டது, அதனால் என்ஜின் துள்ளி இடிக்கிறது. துள்ளித் துள்ளி, என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயரின் நட்டு தளர்ந்துவிட்டது. தன் வழி அடைபட்ட மின்சாரம் கிடைத்த சந்தில் நுழைந்து கிளட்ச் கேபிள் வழியாகப் போகிறது. ஒரு நட்டு, ஒரு ரப்பர். அரை மணி நேர வேலை.

ஆனால் டிரைவர்கள் பானெட்டைத் திறக்கக் கூடாது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றக்கூடக் கழகத்திலிருந்துதான் ஆள் வர வேண்டும். ஆகவே நிதானம் புகார் கொடுக்கப் போனார்.

கழகத்தின் தலைமை எழுத்தர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிவத்தை எடுத்தார்.

"என்ன சத்தம்?"

"டொக்குனு வருது சார்."

"டொக் கிடையாதே." படிவத்தைத் திருப்பிக் காட்டினார். கீச்சொலி, கடகடப்பு, உறுமல், சீற்றம் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. "இதுல எது?"

"இதுல எதுவும் இல்ல சார்."

"எங்க, போட்டுக் காட்டுங்க."

நிதானம் மேசையின் மேல் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். எழுத்தர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை தட்டச் சொன்னார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தார்.

"தட்டொலி," என்றார் கடைசியில். "நல்ல சொல்லு. ஆனா பட்டியல்ல சேக்கணும்னா கழகக் கூட்டத்துல வெக்கணும். அதுக்கு ஆறு மாசம் ஆகும். கடகடப்புன்னு போட்டுடட்டுமா?"

"கடகடன்னு வரலியே சார். ஒண்ணு ஒண்ணா வருது."

"ஒண்ணு ஒண்ணா வந்தா டொக். நெருக்கமா வந்தா கடகட. உங்க வண்டி கொஞ்சம் மெதுவா கடகடங்குதுன்னு வெச்சுக்கங்க." எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். "வேற?"

"வண்டி சமயத்துல எடுக்க மாட்டேங்குது."

"சமயத்துலன்னா? எடுக்குதா, எடுக்கலியா?"

"சில நேரம் எடுக்குது. சில நேரம் எடுக்கல."

"எடுக்கவே எடுக்கலன்னாதான் பழுது. எடுக்கிற வண்டி எடுக்காம இருந்தா அது தயக்கம்." இதைச் சொல்லும்போது எழுத்தரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. 'இயக்கத் தயக்கம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டார்.

பத்தொன்பது நாள் கழித்துப் பரிசோதனைக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் வெள்ளைக் கையுறை மாட்டியிருந்தார். அதே கையுறையை ஒன்பது ஆண்டுகளாக மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றும் அதில் இதுவரை ஒரு பொட்டு எண்ணெய் பட்டதில்லை என்றும் உறுப்பினர் ஒருவர் நிதானத்திடம் பெருமையாகச் சொன்னார்.

சாவியைத் திருப்பச் சொன்னார்கள். எடுத்தது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பச் சொன்னார்கள். மறுபடி எடுத்தது. பதினோரு தடவை. பதினோரு தடவையும் அந்தக் கிழட்டு வண்டி புதுப் பெண்ணைப்போல் அடக்கமாக எடுத்துக்கொண்டது. அன்று காலைகூட நர்ஸம்மா அரை மணி நேரம் கால் கடுக்க நின்றுவிட்டுத்தான் கிளம்பினார். இதை நிதானம் சொன்னார்.

"காலையில நாங்க இல்லியேப்பா," என்றார் தலைவர்.

"ஐயா, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்தீங்கன்னா, கியர் மாத்தும்போது அந்தச் சத்தம் கேக்கும்."

"ஓட்டினா அது பயணம். நாங்க பரிசோதனைக் குழு." தலைவர் பானெட்டின் மேல் கையுறையைப் பட்டும் படாமலும் வைத்தார். "நீ கோவிச்சுக்கக் கூடாது. குறைன்னு ஒண்ணு இருந்தா அது குழு முன்னால ஆஜராகணும். நான் முப்பது வருஷமா இந்த வேலைல இருக்கேன். இதுவரைக்கும் ஒரு குறையாவது என் முன்னால வந்து நின்னிருக்கா? கேட்டுப் பாரு. ஒண்ணுகூடக் கிடையாது."

உறுப்பினர்கள் இருவரும் அதை ஆமோதித்தார்கள். 'குறையற்றது' என்று சான்றிதழ் எழுதப்பட்டது. சான்றளித்த நிலை மாறிவிடாதிருக்க பானெட்டில் கம்பி கோத்து ஈய முத்திரை குத்தினார்கள்.

மறுநாள் வண்டி எடுக்கவில்லை.

இரண்டாவது புகார் முதல் புகாரைவிடச் சீக்கிரம் கவனிக்கப்பட்டது. வண்டி குறையற்றது என்று சான்றிதழ் இருக்கிறது, ஆனாலும் ஒரு மனிதருக்குச் சத்தம் கேட்கிறது என்றால் சோதிக்க வேண்டியது யாரை என்பதில் கழகத்துக்குக் குழப்பம் இல்லை. நிதானத்தைக் காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

காது டாக்டர் நல்ல மனிதர். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார். நிதானம் எல்லாவற்றுக்கும் அழுத்தினார். டாக்டர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் மிஷினில் அதற்கு மேல் குறைக்க இடமில்லை.

"உங்க வயசுல இப்படி ஒரு காத நான் பாத்ததில்ல. உங்க வண்டில ஏதோ இருக்கு, போய் அதப் பாக்கச் சொல்லுங்க," என்றார்.

டாக்டரின் அறிக்கை கழகத்துக்குப் போனது. 'பணிக்குத் தேவையான அளவைக் காட்டிலும் மிகுந்த செவித்திறன்' என்று குறித்துக்கொண்டார்கள். மிகுதியைச் சரிசெய்ய, பணி நேரத்தில் இரு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்ளுமாறு ஆணை வந்தது. மாதம் ஒரு பொட்டலம் பஞ்சும் ஒதுக்கினார்கள். அதைச் சுகாதாரத் துறைக்குப் போகும் பஞ்சிலிருந்து எடுத்தார்கள்.

"அண்ணே, எனக்கே கட்டுப் போடப் பத்தல," என்றார் நர்ஸ்.

"இந்தாங்க சிஸ்டர். அப்படியே இருக்கு," என்று நிதானம் பொட்டலத்தைப் பிரிக்காமல் அவர் பெட்டியில் வைத்தார்.

மேட்டுக் குடியிருப்பில் கடைசி வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. ஐம்பத்தெட்டு வயது. கணவர் இல்லை, மகள் வெளியூரில். சர்க்கரை வியாதி. வலது காலில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண். அந்தக் கால்தான் தையல் மிஷினை மிதிக்கும் கால். அந்த அம்மாளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றி ஊசி போட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். புண் ஆறிக்கொண்டு வந்தது. ஓரத்தில் புதுத் தோல் வருவதை நர்ஸே நிதானத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை வண்டி எடுக்கவில்லை. நிதானம் கழகத்துக்குப் போன் போட்டு மாற்று வண்டி கேட்டார். குறையற்ற வண்டிக்கு மாற்று வண்டி தர விதியில் இடமில்லை என்றார்கள். பதினோரு மணிக்கு எடுத்தது, ஆறு வீட்டோடு பொழுது போனது. புதன்கிழமை எடுக்கவேயில்லை. நர்ஸ் பஸ்ஸில் போய், ஏற்றத்தில் பெட்டியைச் சுமந்து நடந்தார். நான்கு வீடு பார்த்துவிட்டுத் திரும்பினார். வெள்ளிக்கிழமை மழை, வண்டி அசையவில்லை. நான்கு பேர் சேர்ந்து தள்ளினார்கள். ஷெட் வாசலில் எடுத்து, முதல் மேட்டில் அணைந்து, அங்கேயே நின்றுவிட்டது.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தையல்காரம்மா கட்டிலில் கிடந்தார். காய்ச்சல். பாதம் கறுத்திருந்தது. நர்ஸ் கட்டை அவிழ்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வந்துட்டீங்களா," என்றார் தையல்காரம்மா. "வண்டி சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வேற வேல ஏதும் வந்திருக்கும்னு நெனச்சேன்."

நிதானம் அவரைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் படுக்கவைத்தார். அன்று வண்டி முதல் திருப்பிலேயே எடுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

நிதானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் போனில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"அந்த நட்ட முறுக்க எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னீங்க?" என்றார் மனைவி.

"அரை மணி நேரம்."

"முன்னமே பண்ணிருந்தா என்ன பண்ணிருப்பாங்க?"

"வேலைய விட்டு எடுத்திருப்பாங்க."

மனைவி சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனார். நிதானத்துக்கு அதற்குப் பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஷெட்டில் எல்லார் கண்ணெதிரிலும் கட்டிங் பிளேயரால் முத்திரைக் கம்பியை வெட்டினார். பானெட்டைத் தூக்கினார். எல்லாம் அவர் நினைத்தபடியே இருந்தது. எர்த் ஒயரின் முனையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது, நட்டு விரலுக்கே சுழன்றது. ஒயரைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, நட்டை ஸ்பானர் போட்டு முறுக்கினார். பிய்ந்த ரப்பருக்குப் பதில், பழைய டயரில் அளவாக ஒரு துண்டு வெட்டி அடியில் செருகினார். இருபத்தைந்து நிமிடம். சாவியைத் திருப்பினார், எடுத்தது. 'டொக்' இல்லை.

அதற்குப் பிறகு நாற்பது நாள் வண்டி ஒரு காலையும் நிற்கவில்லை. நாளுக்குப் பதினாலு வீடும், இடையில் விட்டுப்போன வீடுகளும் எல்லாம் பார்த்தார்கள். நாற்பத்தோராம் நாள், முத்திரைகளை மட்டும் சரிபார்க்கும் ஊழியர் ஒருவர் ஷெட்டுக்கு வந்தார்.

விசாரணை கழகத்தின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேசை. தலைவர் நடுவில். தலைமை எழுத்தர் குறிப்பெடுத்தார்.

"முத்திரைய உடைச்சது நீதானா?"

"ஆமாங்கய்யா."

"எதுக்கு?"

"வண்டியச் சரி பண்ண."

"சரி பண்ணினேன்னா, வண்டி சரியில்லாம இருந்துச்சுன்னு ஆகுது."

"ஆமாங்கய்யா. இப்ப நாப்பது நாளா நிக்கவே இல்ல."

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் குரலில் கடுமை இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"நீ என்ன சொல்றேன்னு உனக்கே புரியல. குறையில்லன்னு நாங்க மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். அந்த நெலமைய நீ மாத்திட்ட. குறையில்லாத நெலமைய மாத்தினா என்ன வரும்? குறைதான் வரும். இப்ப அந்த வண்டி ஓடுதுங்கிறே. எங்க சான்றிதழ்ல எந்த வண்டிக்குச் சான்று குடுத்தோமோ அந்த வண்டி இல்ல இப்ப ஓடறது. நாளைக்கு ஒவ்வொரு டிரைவரும் வண்டிய ஓடவெக்க ஆரம்பிச்சா நாங்க எதுக்கு?"

"ஒரு அம்மாவுக்குக் கால் போயிடுச்சுங்கய்யா."

"அது சுகாதாரத் துறை," என்றார் தலைவர். எழுத்தர் அந்த வரியை எழுதவில்லை.

ஆணையில் இரண்டு பத்திகள். ஒன்று, வண்டியைச் சான்றளிக்கப்பட்ட பழைய நிலைக்கு மீட்க வேண்டும். இரண்டு, டிரைவர் பணிநீக்கம் செய்யப்படுகிறார். பழைய நிலை எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதால், முதல் பத்தி முடிந்த பிறகே இரண்டாவது பத்தி நடைமுறைக்கு வரும்.

மீட்பு நாளன்று குழு காலையிலேயே ஷெட்டுக்கு வந்துவிட்டது. கழகம் முதல் தடவையாக நிதானத்துக்கு ஒரு ஸ்பானர் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டது. நர்ஸ் பெட்டியோடு ஓரமாக நின்றார். வேலை முடிந்ததும் அதே வண்டியில் போக வேண்டும்.

"நட்டு எத்தன சுத்து தளர்வா இருந்துச்சு?" என்று கேட்டார் எழுத்தர்.

"ஒண்ணே கால்."

"உறுதியா?"

"ஆமா சார்."

ஒன்றே கால் சுற்றுத் தளர்த்தினார். டயர்த் துண்டை உருவினார். களிம்பை மட்டும் திரும்ப வைக்க வழியில்லை. அது தானாக உருவாக ஆறு மாத அவகாசம் என்று குறித்துக்கொண்டார்கள்.

"எங்க, எடு," என்றார் தலைவர்.

நிதானம் சாவியைத் திருப்பினார். 'டக்.' விளக்கு மங்கியது. இன்னொரு தடவை திருப்பினார். 'டக்.'

அவர் மெல்லக் கீழே இறங்கினார். "ஐயா, இதாங்கய்யா. இவ்வளவு நாளா நான் சொன்னது இதைத்தான். இப்ப உங்க முன்னால வந்திடுச்சு."

தலைவர் வண்டியைப் பார்த்தார். முப்பது ஆண்டுகளில் முதல் தடவையாக ஒரு குறை அவர் முன்னால் வந்து நின்றது. அவர் முகம் மலர்ந்தது. உறுப்பினர்களுக்குக் கைகொடுத்தார்.

"பழைய நெலம அப்படியே திரும்பிடுச்சு. எழுதிக்குங்க, மீட்பு முழு வெற்றி."

"ஐயா, குறை..."

"இன்னைக்குப் பரிசோதனை இல்லப்பா. மீட்பு." தோளில் தட்டிக் கொடுத்தார். கையுறை அப்போதும் வெள்ளையாகவே இருந்தது.

புது முத்திரை குத்தினார்கள். சாவியையும் ஸ்பானரையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நர்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். இனி வேலை இல்லாத நிதானம் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு கூட நடந்தார். அன்று ஐந்து வீடுதான் முடிந்தது.

புது டிரைவர் மூன்றாம் வாரம் நிதானத்தைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முப்பது வயதுக்காரர், வேலை கிடைத்த சந்தோஷம் இன்னும் முகத்தில் இருந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வண்டி காலையில டக்குனு..."

"புகார் எழுதிக் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. நாளைக்குக் குடுக்கலாம்னு."

"குடுக்காத." நிதானம் உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "பானெட்டத் தொடாத, முத்திரை அப்படியே இருக்கட்டும். வண்டிக்கு அடியில படுத்துக் கைய மேல விட்டா கியர்பாக்ஸ் பக்கத்துல ஒரு நட்டு தட்டுப்படும். அன்னைக்குத் திறந்து பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. ஒண்ணே கால் சுத்து முறுக்கு. பக்கத்துல இடைவெளில ஒரு டயர்த் துண்டு செருகு. அளவு நான் வெட்டித் தரேன்."

"யாராவது கேட்டா என்னண்ணே சொல்றது?"

"வண்டில ஒண்ணும் இல்லன்னு சொல்லு. அதத்தான் அவங்களும் சொல்றாங்க."

புது டிரைவர் சொன்னபடி செய்தார். நர்ஸ் பதினாலு வீட்டுக்கும் போகத் தொடங்கினார். தையல்காரம்மாவின் வீட்டில் கட்டு மாற்ற இனி ஏதும் இல்லை, ஆனாலும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். மகள் கையால் சுற்றுகிற மிஷின் ஒன்று வாங்கித் தந்திருந்தாள். வலது கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இடது கையால் துணியைத் தள்ள அந்த அம்மாள் பழகிக்கொண்டிருந்தார். தையல் கோணலாகத்தான் வந்தது.

அந்த ஆண்டு கழகம் வெளியிட்ட மலரின் அட்டையில் அந்த வண்டியின் படம் வந்தது. இரண்டு புகார்களையும் ஒரு முத்திரை உடைப்பையும் கடந்து, குழுவின் மீட்புக்குப் பிறகு ஒரு நாள்கூட நிற்காமல் ஓடும் பதினேழு வயது வண்டி என்று கீழே எழுதியிருந்தார்கள். பக்கத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். பானெட்டைத் திறக்காமலேயே வண்டிகளைக் குணப்படுத்தும் முறை பற்றி அவர் எழுதிய கட்டுரை மூன்றாம் பக்கத்தில் தொடங்கியது. ஆஸ்பத்திரிகளும் இந்த முறையைப் பின்பற்றலாம் என்று அதில் யோசனை சொல்லியிருந்தார். சுகாதாரத் துறை அந்த யோசனையைப் பரிசீலிக்க ஒரு குழு அமைத்திருக்கிறது.